அந்த அக்கா கேட்டது ஒன் பீஸ் இல்லை

நேற்று இரவு நம் அனிமே குரூப்பில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அந்த அக்கா கேட்டது மூன்றே வரி. பிளஸ் டூ படிக்கிற பையன் எந்நேரமும் அனிமே (ஜப்பான் அனிமேஷன் தொடர்கள்) பார்க்கிறான், நானும் அவனோடு உட்கார்ந்து பார்க்க ஆசை, எதில் ஆரம்பிக்கலாம், தமிழில் இருந்தால் நல்லது. அவ்வளவுதான். வந்து விழுந்த முதல் பதில் ஒன் பீஸ். 1999-ல் தொடங்கி 1,100 எபிசோடைத் தாண்டியும் முடியாத தொடர். தினம் ஒன்று பார்த்தாலும் மூன்று வருடம். அதற்குள் பையன் டிகிரியே முடித்துவிடுவான்.

அடுத்தவர் அட்டாக் ஆன் டைட்டன் என்றார். முதல் எபிசோடிலேயே மகன் கண்ணெதிரில் அம்மாவை டைட்டன் என்கிற ராட்சசன் தின்னும். அம்மாவும் பையனும் சேர்ந்து பார்க்க எவ்வளவு பொருத்தம்! (ஸ்பாய்லர் என்று சண்டைக்கு வராதீர்கள், அது வந்தது 2013-ல்.) இன்னொரு அறிவாளி, ஜிப்லி (ஜப்பானின் பெரிய அனிமே ஸ்டூடியோ) படம்தான் சேஃப் என்று கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸை எடுத்துக் கொடுத்தார். போரில் அம்மாவை இழந்து பட்டினியில் சாகிற அண்ணன் தங்கை கதை. சேஃபாம். 1988-ல் ஜப்பானிலேயே அதை டொட்டோரோ என்கிற குழந்தைகள் படத்தோடு சேர்த்து ஒரே காட்சியாக ஓட்டினார்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவர்கள் என்ன பாடு பட்டார்களோ. அப்புறம் பல கிளைகளாகப் பிரிந்து கிடக்கிற ஃபேட் தொடரை எந்த வரிசையில் பார்ப்பது என்று நாலு பேர் விடிய விடிய அடித்துக்கொண்டார்கள். அதை அந்த அக்கா கேட்கவே இல்லை. காலையில் பார்த்தால் கேள்வியையே அழித்துவிட்டிருக்கிறார்.

ஒருவர்கூட, ஒரே ஒருவர்கூட, "அக்கா, நீங்கள் பொதுவாக என்ன பார்ப்பீர்கள்?" என்று கேட்கவில்லை. "பையன் எதைப் பார்க்கிறான்?" என்றும் கேட்கவில்லை. நான் சொல்ல வந்தது இது ஒன்றுதான். சிபாரிசு செய்வதற்கு முன்னால் ஆளைக் கேளுங்கள்.

நான் இதில் அடிபட்டவன். காலேஜ் ஹாஸ்டலில் ஒரு சீனியர், "இதைப் பார்க்காமல் அனிமே பற்றிப் பேசாதே" என்று ஹார்ட் டிஸ்கில் இவாஞ்சலியன் போட்டுக் கொடுத்தார். 26 எபிசோடு. ரோபோ சண்டை என்று நம்பி உட்கார்ந்தேன். கடைசி இரண்டு எபிசோடு முழுக்க ஒரு பையனின் மண்டைக்குள்ளேயே நடக்கிறது, அசையாத படங்கள், பென்சில் கோடுகள், குரல் மட்டும் ஓடுகிறது. ஃபைல் கெட்டுப்போய்விட்டது என்று நினைத்து மறுபடி காப்பி பண்ணி வந்து பார்த்தேன்! அதற்கப்புறம் மூன்று வருடம் அனிமே பக்கமே போகவில்லை. அது கிளாசிக் இல்லையா என்றால், கிளாசிக்தான். அன்றைக்கு எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

உடனே கேட்பீர்கள், நீ மட்டும் ஒழுங்கா என்று. இல்லை. ஆபீஸில் ஒருவரிடம் ஸ்டெயின்ஸ் கேட் கொடுத்து, முதல் 12 எபிசோடு பொறுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் பிய்த்து உதறும் என்றேன். கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். ஐந்து மணி நேரம் பொறுத்தால் சாப்பாடு நன்றாக இருக்கும் என்று யாரையாவது ஹோட்டலுக்குக் கூட்டிப்போவோமா? அவர் நாலாவதிலேயே நிறுத்திவிட்டார். நருட்டோ கதையும் அதேதான். 220 எபிசோடு, அதன்பின் தொடர்ச்சியாக வந்த ஷிப்புடென் 500. முதல் தொடரில் 136க்கு மேல் கிட்டத்தட்ட எல்லாமே ஃபில்லர், அதாவது மூலக்கதையில் இல்லாத ஒட்டுவேலை. மூலக்கதையான மாங்கா (ஜப்பான் காமிக்ஸ்) வாரா வாரம் வந்துகொண்டிருக்க அனிமே அதை எட்டிப் பிடித்துவிட்டது, வேறு வழியில்லாமல் இட்டு நிரப்பினார்கள். புதிதாக வருபவர் கையில் ஃபில்லர் பட்டியலைக் கொடுத்துப் பரீட்சை மாதிரி பார்க்கச் சொல்வது என்ன நியாயம்?

ஒன் பீஸ் மட்டமா என்று ஒருவர் இன்பாக்ஸில் வந்து கத்துகிறார். நான் எங்கே ஐயா அப்படிச் சொன்னேன்?

ஆனால் என்னை உண்மையில் சுட்டது வேறு. "தமிழில் பார்க்கிறதெல்லாம் அனிமே பார்க்கிறதா" என்று ஒருவர் எழுத, அதற்கு நூறு சிரிப்பு. என் அப்பா இளவட்டமாக இருந்தபோது ஊர் டீமில் வாலிபால் ஆடியவர், பந்தைத் தூக்கிக் கொடுப்பது அவர் வேலை. அவருக்கு ஹைக்யூ என்கிற வாலிபால் அனிமே போட்டேன். சப்டைட்டில் படிக்க அவருக்கு வராது, நான் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அதில் பந்தைத் தூக்கிக் கொடுக்கிற ககேயாமா தன் இஷ்டத்துக்கு வேகமாகத் தூக்கிப் போட, அடிக்க ஒருத்தனும் போகாமல் பந்து சும்மா கீழே விழுகிற இடம் வருமே, அங்கே அப்பா எழுந்தே விட்டார். "அடிக்கிறவன் கைக்குப் போடணும்டா, உன் வேகத்துக்குப் போட்டா எவன் வருவான்?" டிவியைப் பார்த்துத் திட்டுகிறார்! 25 எபிசோடையும் பத்து நாளில் முடித்தோம். நானும் அவரும் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது. அவர் அனிமே ரசிகர் இல்லையாம். ஜப்பானியக் குரலின் உணர்ச்சி டப்பில் வராது என்கிறீர்களா, சரி, பல இடங்களில் வராதுதான், ஒப்புக்கொள்கிறேன். இன்றைக்கு ஜுஜுட்சு கைசென், சோலோ லெவலிங் எல்லாம் தமிழில் கிடைக்கிறது. 2025-ல் டீமன் ஸ்லேயர் படம் தமிழ் பேசிக்கொண்டு தியேட்டருக்கே வந்தது. இதில் உங்கள் சொத்து எது கரைந்துபோனது? எல்லோரும் பார்க்க ஆரம்பித்துவிட்டால் நீங்கள் அபூர்வ ஆள் இல்லை என்று ஆகிவிடுமே, அந்தப் பயமா?

கோபத்தில் கொஞ்சம் அதிகம் பேசிவிட்டேன். இருக்கட்டும், அழிக்க மாட்டேன்.

அக்கா, இது உங்கள் கண்ணில் பட்டால்: முதலில் உங்கள் பையனையே கேளுங்கள், அவனுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று. அது ரத்தக்களரியாக இருந்தால் அதற்குப் பதில் பராகமோன் போடுங்கள். 12 எபிசோடுதான். தன் எழுத்தைக் குறை சொன்ன பெரியவர் முகத்தில் ஒரு குத்து விட்டுவிட்டு ஜப்பானின் கோட்டோ தீவுக்கு அனுப்பப்படுகிற ஒரு கோபக்காரக் கையெழுத்துக் கலைஞன், அவனைப் படாதபாடு படுத்துகிற ஊர்ப் பிள்ளைகள். துப்பறியும் கதை பிடிக்குமென்றால் டெத் நோட், 37 எபிசோடு, பிற்பாதி எனக்குக் கொஞ்சம் இழுவை. நடுவில் பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், யாரும் ஃபைன் போட மாட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க் கொடுத்த சீனியரும் இங்கேதான் இருக்கிறார், படிப்பார். அண்ணா, இவாஞ்சலியனை முப்பது வயதில் திரும்பப் பார்த்தேன். அழுதேன். ஆனாலும் அன்றைக்கு நீங்கள் கொடுத்தது தப்புதான்.