குரோமோசோம் எண்ணிக்கை ஒன்றானால் தவளை இனமும் ஒன்றா?

செல்லுக்குள் மரபுத் தகவலைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்களின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும் தவளைகள் யாவும் ஒரே இனம் என்று பினாங்குத் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் பகிரப்படும் செய்தி தவறானது. வயல் தவளைக்கும் இந்தியக் காளைத் தவளைக்கும் 26 குரோமோசோம்கள்தாம். ஆயினும் அவை வெவ்வேறு பேரினங்களை, அதாவது நெருங்கிய இனங்கள் அடங்கிய வெவ்வேறு தொகுதிகளைச் சேர்ந்தவை. ஆகவேதான் ஆய்வாளர்கள் எண்ணுவதோடு நில்லாமல், எலும்பு மச்சைச் செல்களின் பிரிவைக் கொல்கிசின் என்னும் வேதிப்பொருள் கொண்டு நிறுத்தி, சாயமேற்றி, ஒவ்வொரு குரோமோசோமின் நீளத்தையும், அதன் இரு இழைகளும் இணையும் பகுதியான சென்ட்ரோமியர் அமைந்த இடத்தையும், சாயத்தால் தெரியும் பட்டைகளையும் பொறுமையாக ஒப்பிடுகிறார்கள்.

எண்ணிக்கை பயனற்றது என்பதும் சரியன்று. வட அமெரிக்காவில், பார்வைக்குப் பிரித்தறிய இயலாத இரு சாம்பல் மரத்தவளைகளுள் ஒன்றுக்கு 24, மற்றதற்கு 48; அவற்றின் கூவலும் வேறு. நம் பினாங்குக் கால்வாயோரத் தேரைக்கு 22. ஆனால் தேரைகளுள் பெரும்பாலானவற்றுக்கும் அதே 22 என்பதால், அது எந்தத் தேரை என்பதை அந்த எண் மட்டும் சொல்லிவிடாது.