சென்ட் விலையும் சென்செக்ஸும்

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் பணி ஓய்வு பெறுகிறவர்கள் கையில் பணம் வந்ததும் முதலில் இடம்தான் தேடுகிறார்கள். "ஷேர்ல போட்டா போயிடும், மண்ணு எங்க போகப் போகுது?" என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். அதில் எனக்கு உடன்பாடில்லை.

2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ், அதாவது மும்பை பங்குச் சந்தையின் குறியீட்டெண், அதே வருஷம் அக்டோபரில் 8,000 பக்கம் வந்து விழுந்தது. எல்லா டிவியிலும் காட்டினார்கள். அந்த வருஷம் நம்ம ஊர் இடத்தின் விலை இறங்கியதா? யாருக்கும் தெரியாது. வாங்க ஆள் வராத இடத்துக்கு ஏது விலை? உரிமையாளர் மனசுக்குள் வைத்திருக்கும் தொகைதான் அவருக்கு விலை. பங்கு ஆடுவது கண்ணுக்குத் தெரிகிறது, இடம் ஆடுவது தெரிவதில்லை. அதைத்தான் பாதுகாப்பு என்று நம்பிவிடுகிறோம்.

பிரைவேட் ஈக்விட்டியும் இதே கதைதான். பங்குச் சந்தைப் பட்டியலில் இல்லாத கம்பெனிகளில் போடும் பணம் அது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2012 விதிகளின்படி இந்த நிதிகளில் சேரக் குறைந்தது 1 கோடி ரூபாய் வேண்டும். போட்ட பணம் பல வருஷம் திரும்பாது. மதிப்பீடும் எப்போதாவதுதான் வரும், அதனால் அறிக்கையில் ஏற்ற இறக்கம் பெரிதாகத் தெரியாது. நம்ம ஊர் பத்து சென்ட்டுக்கு உண்மையான ஜோடி இதுதான். ஆனால் நிதியில் சேருபவர் ஒன்றுக்கு மேற்பட்ட கம்பெனிகளில் பணத்தைப் பரப்புகிறார். இங்கே ஒரே மலைச்சரிவில், ஒரே சர்வே எண்ணில் ஆயுள் சேமிப்பு முழுவதும் கிடக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். சென்ட் 5 லட்சம் என்று வைத்துக்கொண்டால் பத்து சென்ட் 50 லட்சம். முழுத் தொகையும் பத்திரத்தில் ஏறினால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 4.5 லட்சம். புரோக்கர் கமிஷன் ஒரு லட்சம். வாங்கிய அன்றே 55.5 லட்சம் போய்விட்டது. பத்து வருஷத்தில் இடம் இரட்டிப்பாகி ஒரு கோடிக்குப் போகிறது, ஊரே மெச்சுகிறது. விற்கும்போது கமிஷன் 2 லட்சம், லாபத்தில் 12.5 சதவீதம் வரி, இடையில் வேலி, களை வெட்டு, தடுப்புச் சுவர். எல்லாம் கழித்தால் ஆண்டுக்கு ஐந்து சதவீதத்தை ஒட்டித்தான் நிற்கிறது. 1979-ல் 100 என்ற அடிப்படையில் கணக்கிடப்படும் சென்செக்ஸ் 2024-ல் 80,000-ஐத் தாண்டியது, டிவிடெண்ட் (கம்பெனி தரும் லாபப் பங்கு) சேர்க்காமலே ஆண்டுக்குச் சுமார் 16 சதவீதம். இனியும் அப்படியே போகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இரட்டிப்பு என்ற ஒரு சொல்லில் மயங்குகிறவர்கள் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

விற்பது இன்னொரு பாடு. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பம், அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக இடத்தை விற்கப் பார்த்தது. ஆள் கிடைத்தது, அட்வான்ஸும் பேசியாகிவிட்டது. மூலப்பத்திரத்தைப் புரட்டினால் பெரியப்பா மகள் ஒருவரின் கையெழுத்து இல்லை. அவர் இருப்பது வெளிமாநிலத்தில். வாங்க வந்தவர் கைவிட்டுப் போனார், சிகிச்சை நகைக்கடனில் நடந்தது. பங்கை விற்றால் அடுத்த வேலை நாளில் பணம் கணக்குக்கு வந்துவிடுகிறது.

சட்டமும் இந்த மலையில் வேறு. இங்கே கட்டடத்தின் உயரத்துக்கும் வரம்பு உண்டு. கூடலூரில் ஜென்மம் என்ற பரம்பரை நில உரிமையை ஒழித்த 1969 சட்டத்தின் பிரிவு 17-ல் சிக்கிய நிலங்களில் பட்டா இல்லாமலே எத்தனையோ குடும்பங்கள். சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட் கட்டியவர்கள் 2020-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார்கள். யானைக்கு வழி விட்டது சரியான தீர்ப்பு என்பதே என் எண்ணம். ஆனால் "எல்லா பேப்பரும் பக்காண்ணா" என்று சொல்லி விற்றவர் யாரும் அந்த நஷ்டத்தில் பங்கு போட்டுக்கொள்ள வரவில்லை. ஹோம்ஸ்டே வாடகையை நம்பி வாங்குபவர்கள் 2024 மே முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருப்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

இடத்துக்கு ஒரு பெரிய நல்லது உண்டு. பயத்தில் ஒரே நாளில் விற்றுத் தொலைக்க முடியாது. கொரோனாவில் சந்தை விழுந்த 2020 மார்ச்சில் பதறிப்போய்ப் பங்கை விற்றவர்களை நினைத்தால் அந்தத் தடையின் அருமை புரியும். குடியிருக்க வீட்டுமனை வாங்குபவரிடமும் நான் இதையெல்லாம் பேச மாட்டேன், அது குடும்பத்தின் தேவை.

என் சித்தப்பா மகன் போன மாதம் கேட்டான்: "அண்ணா, தேயிலைக்கு விலையே இல்லை, தோட்டத்தை வித்துட்டு ஷேர்ல போட்டுடவா?" வேண்டாம் என்றேன். அந்தத் தோட்டம் அவனுக்குத் தொழில். இலை பறித்தால் குறைந்த விலையானாலும் காசு வருகிறது, வீட்டில் மூன்று பேருக்கு வேலை இருக்கிறது. விற்றால் அது ப்ளாட்டாகும், திரும்ப வாங்க அவனால் ஆகாது. பக்கத்தில் விலைக்கு வந்திருக்கும் எட்டு சென்ட்டுக்காகச் சேர்த்து வைத்திருந்தானே, அந்தப் பணத்தில் ஆறு மாதச் செலவுக்கு வங்கியில் ஒதுக்கிவிட்டு, மீதியை மாதாமாதம் இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது சென்செக்ஸ் மாதிரி ஒரு குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் நிதியில், போடச் சொல்லியிருக்கிறேன்.