இறங்கி முடிந்த பிறகும் ஓடிய எண்

சனிக்கிழமை சிங்கப்பூரின் யீஷூனில் உள்ள அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "மாமா, இரண்டு நாளாக ரொம்ப மெதுவாக ஓடுகிறது" என்று அக்கா மகன் மடிக்கணினியை என்னிடம் நீட்டினான். இணையத்திலிருந்து கோப்புகளை இறக்கும் டோரண்ட் செயலி திறந்திருந்தது. படம் எப்போதோ இறங்கி முடிந்திருந்தது. பதிவேற்றக் கட்டத்திலோ எண் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது.

"இது என்னடா?"

"தெரியாது மாமா. நான் இறக்க மட்டும்தான் செய்தேன்."

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. "திருட்டுத்தனமாகப் படம் இறக்குவது தப்பு, செய்யாதே" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். டோரண்ட் எப்படி இயங்குகிறது என்று யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை.

டோரண்ட் செயலிகளுக்கு அடிப்படை, 2001-இல் பிராம் கோஹன் உருவாக்கிய பிட்டோரண்ட் என்ற பகிர்வு முறை. அதில் கோப்பு ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. முகம் தெரியாத பலருடைய கணினிகளிலிருந்து துண்டு துண்டாக வருகிறது. வந்த துண்டை நம் கணினி உடனே அடுத்தவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. நம் இணைய இணைப்பின் முகவரி (ஐபி) அந்தக் கூட்டத்தில் உள்ள எல்லாருக்கும் தெரியும். 2007-இல் இதே சிங்கப்பூரில் அனிமே என்ற ஜப்பானிய அசைபடங்களை அனுமதியின்றி இறக்கியவர்களை ஒரு விநியோக நிறுவனம் அப்படித்தான் தேடிப் பிடித்தது. ஆயிரக்கணக்கான வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்டுக் கடிதங்கள் வீடு தேடி வந்தன. லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை முறையாக வழங்குபவர்களும் இதே வழியைப் பயன்படுத்துகிறார்கள். ஆகவே தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் கோபமில்லை.

எனக்கு அதைவிடப் பெரிய பயம் அந்தக் கோப்புறையில் இருந்தது. படத்தோடு இன்னொரு கோப்பும் வந்திருந்தது. வீடியோவுக்கான படக்குறி, பெயரின் முடிவில் 'எம்பி4'. கோப்பின் வகையைச் சொல்லும் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்துவைக்கும்; அதைக் காட்டச் செய்தேன். 'எம்பி4'-க்குப் பின்னால் 'இஎக்ஸ்இ' ஒட்டிக்கொண்டிருந்தது. அது படமே அல்ல, இயங்கும் நிரல்.

"இதைத் திறந்தாயா?"

"இரண்டு முறை தட்டினேன். ஒன்றும் வரவில்லை."

திரையில் ஒன்றும் வராததுதான் ஆபத்து. இப்படிப்பட்ட நிரல்களில் பல, பிரௌசரில் சேமித்த கடவுச்சொற்களைச் சத்தமில்லாமல் அள்ளிக்கொண்டு போகக்கூடியவை. அக்கா அதே கணினியில்தான் வங்கிக் கணக்கைப் பார்க்கிறாள். அடையாள அட்டையின் ஸ்கேன், மசேநி (மத்திய சேம நிதி) அறிக்கை எல்லாம் அதில்தான் கிடக்கின்றன. "எல்லாம் போய்விட்டதா தம்பி?" என்று கேட்டாள். இல்லை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

இணையத்தைத் துண்டித்தோம். அக்கா தன் கைப்பேசியிலிருந்து வங்கியை அழைத்தாள். ஞாயிறு முழுவதும் கணினியை அழித்து, விண்டோஸைப் புதிதாக நிறுவினேன். அக்கா மகன் என் பக்கத்தில் அமர்ந்து, மாற்ற வேண்டிய கடவுச்சொற்கள் எந்தெந்தக் கணக்குகளுக்கு என்று எழுதினான். பட்டியல் இரண்டு பக்கம் வந்தது.