சத்தம் இருக்கிறது என்று எழுதிக் கொடுங்கள்

"நார்மல் சவுண்டு சார்." புதுக் காரில் சத்தம் வருகிறது என்று, அதை விற்றவர்களின் சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை போய்விட்டேன், மூன்று முறையும் இதே பதில். வயிறு எரிகிறது.

கார் கைக்கு வந்து 7 மாதம் ஆகிறது. சிங்கப்பூரில் கார் வைத்திருக்கக் கட்டாயம் வாங்க வேண்டிய வாகன உரிமைச் சான்றிதழுக்கு மட்டும் ஒரு லட்சம் வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலருக்கு) மேல் போனது, அதுவும் 10 வருடத்துக்குத்தான். அதில் 7 வருடம் தவணை கட்ட வேண்டும். அப்படி வாங்கிய கார் நாலாவது மாதமே ஊளையிட ஆரம்பித்துவிட்டது. முதலில் கவனித்தது என் மனைவி. தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். "என்னங்க, ரேடியோவைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். நிறுத்தினேன். முன்பக்க இடது சக்கரத்திலிருந்து ஊ... என்று ஒரே சீராக ஒரு சத்தம். வேகம் 70ஐத் தாண்டினால் வருகிறது, 90இல் பேச்சே கேட்பதில்லை. சாலை வலப்பக்கம் வளைந்தால் கூடுகிறது, இடப்பக்கம் வளைந்தால் அடங்கிவிடுகிறது. எங்கள் வீவக (அடுக்குமாடி வீடமைப்பு) கார் நிறுத்துமிடத்துக்குள் ஓட்டினால் ஒன்றுமே தெரியாது.

இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சர்வீஸ் கவுண்டரில் சொன்னேன். எந்தச் சக்கரம், எந்த வேகம், எந்த வளைவு, எல்லாம். கவுண்டரில் இருந்தவர் தலையாட்டிக்கொண்டே தட்டச்சு செய்தார். அன்று முழுக்கக் காரை வைத்திருந்துவிட்டு மாலையில் ஒரு தாளோடு சாவியைக் கொடுத்தார்கள். தாளில் என்ன இருந்தது தெரியுமா? 'பொதுச் சோதனை. குறை எதுவும் இல்லை.' அவ்வளவுதான். நான் சொன்ன 70 எங்கே? இடது சக்கரம் எங்கே? சத்தம் என்ற ஒரு சொல்கூட அந்தத் தாளில் கிடையாது. நான் ஏதோ பொழுது போகாமல் காரைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டு வந்தவன் மாதிரி இருந்தது.

இரண்டாவது முறை உஷாராகிவிட்டேன். சாவியைக் கொடுக்கும் முன் கிலோமீட்டர் காட்டும் இடத்தைப் படம் எடுத்துக்கொண்டேன். திரும்ப வாங்கும்போது பார்த்தால் 2 கிலோமீட்டர்தான் கூடியிருந்தது. எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள் என்று கேட்டால், ஒர்க்‌ஷாப்பைச் சுற்றி ஒரு ரவுண்டாம். அந்தத் தெருவில் 40ஐத் தொடக்கூட முடியாது! 70இல் வரும் சத்தத்தை 30இல் தேடினால் எப்படிக் கிடைக்கும்? 5 நிமிடம் தள்ளி ஆயர் ராஜா விரைவுச்சாலை இருக்கிறதே, அங்கே ஒரு நடை போய்வந்தால் என்ன? சரி, நானே ஓட்டுகிறேன், உங்கள் ஆள் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கட்டும் என்றேன். இப்போது ஆள் இல்லை என்றார்கள். மூன்றாவது முறை போனபோதும் ஆள் இல்லை.

"இன்னும் கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க சார், சத்தம் அதிகமானா கொண்டு வாங்க." எனக்கு இரத்தம் கொதித்தது இந்த வாக்கியத்தைக் கேட்டுத்தான். இங்கே 2012 செப்டம்பர் முதல், குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் இருக்கிறது. பொருள் கைக்கு வந்து 6 மாதத்துக்குள் குறை தென்பட்டால், கொடுக்கும்போதே அந்தக் குறை இருந்தது என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது விற்றவர். 6 மாதம் தாண்டித் தெரியவந்த குறை என்றால் அந்தப் பாரம் நம் தலைக்கு வந்துவிடும். என் சத்தம் நாலாவது மாதமே வந்துவிட்டது. ஆனால் அவர்கள் தாளில் வரவே இல்லை. "கொஞ்ச நாள் ஓட்டிப் பாருங்க" என்பதைக் கேட்டுக்கொண்டே 6 மாதமும் ஓடிவிட்டது. நல்லவேளை, முதல் முறை போவதற்கு முந்தின இரவு அவர்களுக்கு வாட்ஸ்அப்பில் எல்லாவற்றையும் விவரமாக எழுதி அனுப்பியிருந்தேன். தேதியோடு அது மட்டும் என்னிடம் இருக்கிறது.

போன வாரம் பொறுக்க முடியாமல் சின் மிங்கில் தெரிந்த தம்பி ஒருவரின் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். அவர் காரைத் தூக்கி, இடது சக்கரத்தை ஒரு கையால் சுற்றிவிட்டு, "அண்ணே, இந்த ஸ்பிரிங் மேல கை வச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். கம்பிச்சுருளுக்குள் மணலைப் போட்டு அரைக்கிற மாதிரி ஒரு நறநறப்பு விரலில் ஏறியது. வலது பக்கம் போய் அதே மாதிரி சுற்றினார். அங்கே ஒன்றுமில்லை, வழவழவென்று ஓடியது. "பேரிங் போச்சுண்ணே. வலப்பக்கம் திரும்பினா பாரம் இடது சக்கரத்துல விழும், அதான் சத்தம் கூடுது." பார்த்து முடிக்க 10 நிமிடம்கூட ஆகவில்லை. காசு வாங்கவில்லை. வாரண்டி இருக்கும்போது நீங்கள் ஏன் செலவு செய்கிறீர்கள், அவர்களையே மாற்றித் தரச் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். பேரிங்கை அப்படியே விட்டால் நாளாக நாளாக சக்கரம் ஆட ஆரம்பிக்கும் என்றும் சொன்னார். பின் சீட்டில் என் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து வரும் கார் இது. தினமும் காலையில் பள்ளிக்கு அதில்தான் போகிறார்கள்.

இதைப் போனில் சொன்னதும் சர்வீஸ்காரர் குரல் மாறிவிட்டது. வெளியே காட்டினால் வாரண்டி போய்விடுமாம்! யாரிடம் பூச்சாண்டி காட்டுகிறார்கள்? எங்களிடம் மட்டுமே சர்வீஸ் செய்ய வேண்டும் என்ற அந்த நிபந்தனையை, போட்டித்தன்மை ஆணையம் தலையிட்ட பிறகு 2017இலேயே பெரிய விற்பனையாளர்கள் எடுத்துவிட்டார்கள். வெளியே செய்த வேலையால் கெட்டுப்போன பாகத்துக்குப் பொறுப்பேற்க மாட்டோம் என்றால் அது நியாயம். தம்பி ஒரு திருகாணியைக்கூடக் கழற்றவில்லை, சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். அதற்கு வாரண்டி போகுமா?

காரை இலவசமாகக் கழுவித் தாருங்கள் என்றா கேட்டேன்? நான் கொடுத்த காசில் அடங்கிய வாரண்டியைத்தான் கேட்கிறேன். அவர்கள் ஒவ்வொரு முறையும் காரைக் கழுவித்தான் தருகிறார்கள், சீட்டில் தண்ணீர் பாட்டிலும் வைக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். வரும் செவ்வாய்க்கிழமை காலை 9 மணிக்கு நாலாவது முறையாகப் போகிறேன். வேலைக்கு மீண்டும் அரை நாள் விடுப்பு. 'இடது முன்சக்கரத்தில் 70க்கு மேல் சத்தம், நாலாவது மாதத்திலிருந்து' என்று தாளில் எழுதி, ஓர் ஆள் என்னோடு விரைவுச்சாலைக்கு வரும் வரை சாவியைக் கொடுக்கப் போவதில்லை. மறுத்தால் அங்கிருந்து நேராகப் பயனீட்டாளர் சங்கம். அதிலும் தீரவில்லை என்றால் 20,000 வெள்ளி வரை விசாரிக்கிற சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. வாட்ஸ்அப் செய்தி, கிலோமீட்டர் படம், அந்த மூன்று தாள்கள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு வைத்துவிட்டேன்.