ஆமையைக் காப்பாற்றுகிறேன் என்று காரில் ஏற்றாதீர்கள்

மே, ஜூன் வந்தால் போதும், இங்கே அமெரிக்காவின் நார்த் கரோலினாவில் நம் ஆட்களின் வாட்ஸப் குழுக்களில் பெட்டி ஆமை (box turtle) படங்கள் வர ஆரம்பித்துவிடும். “ரோட்டில் தனியாக நின்றது, பாவம், ஏரியில் கொண்டுபோய் விட்டோம்.” நல்ல மனசோடு செய்வதுதான். ஆனால் அந்த ஆமைக்கு அது பெரிய கெடுதல்.

முதலில், இது காட்டுத் தரையில் வாழும் ஆமை, நீச்சல் அவ்வளவாக வராது. இரண்டாவது, பெரும்பாலான பெட்டி ஆமைகள் சில நூறு மீட்டர் சுற்றளவுக்குள்ளேயே வாழ்நாளைக் கழிக்கின்றன. எங்கே காளான் முளைக்கும், எந்தச் சரிவில் பனிக்காலத்துக்கு மண்ணுக்குள் புதையலாம் எல்லாம் அதற்கு அத்துப்படி. வேறு இடத்தில் விட்டால் பழைய இடத்தைத் தேடி அலையும். வழியில் எத்தனை ரோடு!

அருகில் பார்த்தால் அவ்வளவு அழகு. கரும்பழுப்பு ஓட்டில் மஞ்சள் கீற்றுகள், ஆணுக்குப் பெரும்பாலும் சிவந்த கண். அடி ஓட்டில் கதவுக் கீல் மாதிரி ஒரு மடிப்பு இருக்கிறது. பயந்தால் தலை, கால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து இறுக்க மூடிக்கொள்ளும். நரியும் ரக்கூனும் தோற்றுப்போகும். கார் டயருக்கு முன் அது பலிக்காது.

பருவம் அடையவே ஐந்து முதல் பத்து வருடம். ஒரு தடவைக்கு நாலைந்து முட்டை, அதிலும் பெரும்பகுதி மற்ற விலங்குகளுக்கு இரை. ஐம்பது வருடம் வாழ்ந்து முட்டையிட்டுக்கொண்டே இருந்தால்தான் கணக்கு நேராகும். அதனால்தான் ஒரே ஒரு பெண் ஆமையை வீட்டுக்குத் தூக்கிப்போவதும் எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. மேரிலாந்து மாநிலத்தின் படக்ஸென்ட் காட்டில் லூசில் ஸ்டிக்கல் என்ற ஆய்வாளர் 1944-ல் ஆமை ஓடுகளில் அடையாளமிட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினார். பாதுகாக்கப்பட்ட அந்த இடத்திலேயே முப்பது வருடங்களில் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்துவிட்டது.

இதற்கு மேல் கடத்தல் வேறு. ஆமைகளை டேப்பால் சுற்றி, சாக்ஸில் திணித்து ஹாங்காங்குக்கு அனுப்பவைத்த ஒருவருக்கு 2021-ல் நியூஜெர்சி நீதிமன்றம் 38 மாதச் சிறை விதித்தது. குறைந்தது 1,500 ஆமைகள்! படிக்கவே வயிறு எரிந்தது.

சரி, ரோட்டில் பார்த்தால் என்ன செய்வது? உங்களுக்கு ஆபத்து இல்லையென்றால் வண்டியை ஓரங்கட்டி, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே ரோட்டைத் தாண்டி விடுங்கள். திருப்பி விட்டால் மறுபடி ரோட்டுக்கே வரும். படத்தை இடத்தின் பெயரோடு போடாதீர்கள், கடத்துகிறவர்களும் பார்ப்பார்கள். ஏற்கெனவே வீட்டில் வளர்க்கிறவர்கள் திடீரென்று காட்டில் விட்டுவிடாதீர்கள். ரானாவைரஸ் என்ற கிருமி மாதிரி ஏதாவது தொற்று நோய் இருந்தால் அங்குள்ளவற்றுக்கும் பரவும். மாநில வனவிலங்குத் துறைக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள்.