முக்குவதை மட்டும் எண்ணினால் போதாது
எதிரெதிர் மின்சுமை கொண்ட பாலிமர் (நீண்ட சங்கிலி மூலக்கூறு) கரைசல்களில் மாறி மாறி முக்கி, அடுக்கடுக்காக மெல்லிய படலம் ஏற்றுவது பற்றிய கட்டுரையைப் படித்தேன். படலத்தின் தடிமன், எத்தனை முறை முக்குகிறோம் என்பதை மட்டுமே பொறுத்தது என்று அதில் வரும் வரியை ஏற்க முடியவில்லை. கரைசலில் உள்ள உப்பையும் கேட்க வேண்டும். மதுரையில் எம்.எஸ்சி. படித்தபோது கண்ணாடித் தகட்டை நேர்மின் பாலிமரிலும் எதிர்மின் பாலிமரிலும் மாறி மாறி முக்கி, இடையிடையே நீரில் அலசி, இருபது அடுக்கு ஏற்றினோம். ஒருநாள் காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துபோக, நண்பன் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே கரைசலைக் கலக்கிவிட்டான். குடத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிற எங்கள் பகுதி நீர்! அதே இருபது அடுக்குதான். ஆனால் படலம் தடித்து, திட்டுத்திட்டாக மங்கிப்போயிருந்தது. உப்பு அயனிகள் பாலிமரின் மின்சுமையை மறைத்துவிடுவதால், தன்னைத்தானே விலக்கி நீண்டு கிடக்க வேண்டிய சங்கிலி சுருண்டு, சுருளாகவே போய் ஒட்டிக்கொள்கிறது. தடிமனை வேண்டிய அளவுக்குக் கொண்டுவரவே ஆய்வகங்களில் சோடியம் குளோரைடை அளந்து சேர்க்கிறார்கள். ‘சுங்குடிச் சேலைக்குச் சாயம் முக்குவது போலத்தானே’ என்று கேட்ட இன்னொரு வாசகருக்கு: முழுக்க அப்படியல்ல. சாயத்தில் ஊற ஊற நிறம் ஏறும். இங்கோ மேற்பரப்பின் மின்சுமை தலைகீழானதும் அடுத்து வரும் அதே மின்சுமைச் சங்கிலியை அதுவே தள்ளிவிடும்; அடுக்கு நிரம்பிய பிறகு இரவு முழுக்க ஊறப்போட்டாலும் தடிமன் பெரிதாக ஏறாது.