ஆணியை முதலில் போடுங்கள், பட்டியலை அப்புறம் எழுதுங்கள்

பொற்றாசியம், சோடியம், கல்சியம், மகனீசியம், அலுமினியம், நாகம் (துத்தநாகம்), இரும்பு என்று பிளாற்றினம் வரைக்கும் மூச்சுவிடாமல் சொல்லும் பிள்ளைகள் நம் தோட்டப் பாடசாலைகளில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அதே பிள்ளையிடம், "நாக சல்பேற்றுக் கரைசலில் செம்புக் கம்பியைப் போட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிக்கும். பிள்ளையில் குறையில்லை. தொழிற்பாடு கூடிய உலோகம் மேலே, குறைந்தது கீழே என்று அடுக்கிய தொழிற்பாட்டுத் தொடரை வாய்ப்பாடு போல ஒப்பிக்க வைத்த நம் படிப்பிப்பில்தான் குறை. ஹட்டன் பக்கம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்தத் தொடர் யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதிய பட்டியல் இல்லை. ஓர் உலோகத்தை நீரில் போட்டு, அமிலத்தில் போட்டு, இன்னோர் உலோகத்தின் உப்புக் கரைசலில் போட்டு, எது எதை வெளியே தள்ளுகிறது என்று பார்த்துப் பார்த்து அடுக்கியது. நாகம், இரும்பு, செம்பு மூன்றையாவது பிள்ளையே அடுக்கிவிடலாம்.

"ஆய்வுகூடம் எங்கே இருக்கிறது சேர்?" என்பார்கள். நியாயமான கேள்வி. பல பாடசாலைகளில் பூட்டிக் கிடக்கும் ஓர் அலுமாரிதான் ஆய்வுகூடம். அதற்குப் பொறுப்பானவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் அந்தப் பதில் வரும்வரை இந்தப் பாடம் காத்திருக்கத் தேவையில்லை. கொஞ்சம் மயில்துத்தம், அதாவது செப்பு சல்பேற்று, நாலைந்து இரும்பு ஆணி, ஒரு கண்ணாடிக் குவளை, இவ்வளவு போதும்.

ஆணியை சேண்ட் பேப்பரால் பளபளப்பாகத் தேய்த்து, நூலில் கட்டி, பாதி முங்கும்படி நீலக் கரைசலில் இறக்குங்கள். சில நிமிடங்களில் முங்கிய பாதி செங்கபிலமாகும், மேல்பாதி அப்படியே இருக்கும். மறுநாள் காலையில் பார்த்தால் நீலம் வெளிறி, இலேசான பச்சை ஏறியிருக்கும். ஆணியைத் துணியால் துடைத்தால் செம்பு பொடியாக வரும். இரும்பு அணு இரண்டு இலத்திரன்களைக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போகிறது, அதை வாங்கிய செம்பு அயன் (கரைசலில் இருக்கும் மின்னேற்றம் பெற்ற செம்பு) உலோகமாகி ஆணியில் படிகிறது என்று அந்த நேரத்தில் சொன்னால் பிள்ளை மறக்காது. (மீதிக் கரைசலைப் பீலிப் பக்கமோ ஓடைப் பக்கமோ ஊற்றிவிடாதீர்கள், செம்பு மீனுக்கு நஞ்சு. கையையும் கழுவச் சொல்லுங்கள்.)

அப்புறம் வெளியே கூட்டிப் போய் லயத்துக் கூரையைக் காட்டுங்கள். தகரத்தில் பூசியிருப்பது நாகம். அது இரும்பைவிடத் தொழிற்பாடு கூடியது. அதனால் கீறல் விழுந்தாலும் நாகம் முதலில் தன்னைக் கொடுத்து இரும்பைக் காக்கிறது. நாகம் தீர்ந்த இடத்தில்தான் செந்துரு பரவும். மீன் டின்னில் பூசும் வெள்ளீயமோ இரும்புக்குக் கீழே இருப்பது. பூச்சு முழுசாக இருக்கும்வரைதான் காவல். ஒரு கீறல் விழுந்தால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டும் பூச்சுதான், ஏன் ஒன்று காக்கிறது, மற்றது கைவிடுகிறது? இதை விடச் சிறந்த பரீட்சை வினா எனக்குத் தெரியவில்லை.

மலையில் மருந்தடிப்பவர்களின் பிள்ளைகளுக்கு இன்னொன்று சொல்லலாம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவை பிரான்சில் 1880களில் திராட்சைக்காக வந்தது. அதில் சுண்ணாம்பு போதுமா என்று பார்க்க, தீட்டிய கத்தியை முக்கி எடுப்பார்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு காணாது, இன்னும் போட வேண்டும். ஓர் உலோகம் இன்னோர் உலோகத்தை வெளியே தள்ளும் இந்த இடப்பெயர்ச்சித் தாக்கத்தைத் தோட்டக்காரர்கள் கத்தி முனையில் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு பிள்ளை கேட்டது: "அலுமினியம் இரும்புக்கு மேலே என்றால் எங்கள் வீட்டுச் சோற்றுப் பானை ஏன் சேர் இன்னும் கரையவில்லை?" அருமையான கேள்வி. இப்படிக் கேட்கும் பிள்ளையை "சோதனைக்கு வராது, உட்கார்" என்று அடக்குவதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒட்சைட்டுப் படலம் இருக்கிறது. அலுமினியத் தாளை நீலக் கரைசலில் போட்டால் ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஒரு சிட்டிகை கறியுப்புப் போடுங்கள். குளோரைட்டு அந்தப் படலத்தை உடைத்துவிடும். நுரைக்கும், குவளை சுடும், செம்பு கபிலமாக உதிரும். ஐதான கரைசலில், சிறு துண்டை மட்டும் போடுங்கள்.

சமனலவெவப் பக்கம், நம் மலைகளின் தெற்குச் சரிவில், 7ஆம் நூற்றாண்டிலிருந்து 11ஆம் நூற்றாண்டு வரை பருவக்காற்றை வைத்தே உலை மூட்டி இரும்பும் உருக்கும் எடுத்திருக்கிறார்கள். கில் ஜுலெஃப் என்ற தொல்லியலாளர் அதை 1996இல் உலகறிய எழுதினார். கரியால் இரும்பை அதன் ஒட்சைட்டிலிருந்து பிரிக்க முடிந்தது. தொடரில் கரியையும் சேர்த்து அடுக்கினால் அதற்கு மேலே இருக்கும் அலுமினியத்தை மலிவாக எடுக்க, மின்சாரத்தால் பிரிக்கும் மின்பகுப்பு வழி கண்டுபிடித்த 1886 வரை உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. தொடரில் எந்த இடம் என்பது இவ்வளவையும் தீர்மானிக்கிறது. இதைச் சொல்லாமல் வெறும் பெயர்களை ஒப்பிக்க வைப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் டீச்சர்மாரே, சேர்மாரே, அடுத்த முறை இந்தப் பாடம் வரும்போது முதல் நாள் கரும்பலகையில் பட்டியலை எழுத வேண்டாம். ஆணியையும் நீலக் கரைசலையும் மேசையில் வையுங்கள். தவணைப் பரீட்சைத் தாள் தயாரிப்பவர்கள் "தொடரை எழுதுக" என்ற வினாவை எடுத்துவிட்டு, கூரைத் தகரத்தையும் மீன் டின்னையும் கேளுங்கள்.